மிதக்கிற அரிசி

என் தங்கைக்கு ரத்தம் எட்டைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்தபோது எட்டு. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் அப்போதும் எட்டு. நர்சம்மா அவள் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"ஏம்மா, பத்துக்காச்சும் வர வேணாமா? பிள்ள பெறக்குறப்ப ரத்தம் போகும். போறதுக்கு ஒடம்புல இருக்கணும்ல? இப்படியே இருந்தா இங்க வச்சுப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன்."

தங்கை சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதற்கும் சிரிப்புதான். எனக்கு அம்மா நினைப்புதான் வந்தது. எங்கள் அம்மா மூன்றாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், இவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வயசு. பிள்ளையும் தங்கவில்லை. என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று யாரும் எங்களுக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. "ரத்தம் பத்தல" என்று பெரியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதுதான் காதில் விழுந்தது. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அன்றிலிருந்து இவளுக்கு நான்தான் அம்மா. தலை பின்னியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, கட்டிக்கொடுத்தது எல்லாம் நான். இப்போது இவளையும் அந்த இரண்டு வார்த்தைக்குக் கொடுத்துவிடுவேனோ என்கிற பயத்தில் எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே முடியவில்லை.

உட்கார முடியாதது எனக்குப் புதிதும் இல்லை. நான் வாசலில் கிரைண்டர் போட்டுக் கூலிக்கு மாவு அரைக்கிறவள். தெருப் பெண்கள் அரிசியையும் உளுந்தையும் வீட்டில் களைந்து ஊறப் போட்டு, மத்தியானத்துக்கு மேல் தூக்குவாளியில் கொண்டுவந்து வரிசை வைப்பார்கள். ஒன்றை வழித்து ஊற்றுவதற்குள் அடுத்ததைப் போட வேண்டும். வேலை இல்லாத நேரத்திலும் நான் நடந்துகொண்டேதான் இருப்பேன். "உனக்கு உக்காந்தா முள்ளு குத்துமாடி?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். படுத்தால் அதைவிட மோசம். கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி உளைச்சல் எடுக்கும். பழைய சேலையைக் கிழித்து இரண்டு காலிலும் இறுகக் கட்டிக்கொண்டு படுப்பேன். நாள் முழுக்க நிற்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் வாளியைத் திறந்தாலும் ஊறின அரிசியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுவேன். ஊறினது இல்லாவிட்டால் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற பச்சரிசி. அந்த நறநறப்பு பல்லுக்கு வேண்டியிருந்தது. "கூலிய வாயிலயே எடுத்துக்குறியாக்கும்" என்று பெண்கள் கேலி செய்வார்கள். "ஆமாத்தா, உன் வாளில பாதி எனக்குத்தான்" என்று நானும் சொல்வேன்.

தங்கைக்கு நான் கொடுத்த பாட்டைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். காலையில் மாதுளம்பழம், பதினொரு மணிக்குப் பீட்ரூட், மத்தியானம் கீரை. அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகிற கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வந்து மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தக்கட்டி மாதிரி கறுப்பாக இருக்கும். எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதை விட்டால் மருந்து இல்லை. வாசம் பட்டதுமே அவளுக்குக் குமட்டும்.

"வேணாம்க்கா, சத்தியமா முடியல."

"முடியலன்னா? வாயத் தொற. மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்கு. ரத்தம் ஏறணுமா வேணாமா?"

முழுங்குவாள். பாதி நாள் கொல்லைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்துவிடுவாள். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படியே. தவிரவும் மாதுளம்பழத்தையும் ஈரலையும் என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக் கொண்டுவருகிற காசில் தினமும் வாங்கிவிட முடியுமா? ஒருநாள் உண்டு, மூன்று நாள் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் இருப்பது சோறு ஒன்றுதான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இருக்கிற நாளும் சோறு, இல்லாத நாளும் சோறு.

அந்தச் சோற்றுக்குப் பொறுப்பு என் வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறவர், மத்தியானம் சவாரி இருக்காது. நான் கிரைண்டரோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் அவர்தான் உலை வைப்பார். ரேஷன் அரிசியைச் சுளகில் கொட்டி, செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்துக்கொண்டே பொறுக்குவார். கல் பொறுக்குவதைவிட அவருக்கு வேறொன்றில்தான் கண். ரேஷன் அரிசியில் நூறு மணிக்கு ஒன்று என்கிற கணக்கில் ஒரு தினுசு மணி கிடக்கும். மற்றதைவிடக் கொஞ்சம் மங்கலாக, வழவழவென்று, செய்து வைத்த மாதிரி இருக்கும். களைகிறபோது பார்த்தால் மற்ற அரிசி அடியில் கிடக்க இது மட்டும் மேலே வந்து மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று அவர் செல்போன் சொன்னது. செல்போன் சொன்னால் அவருக்கு அப்பீலே கிடையாது.

ஒருநாள் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தரையில் அடித்துக் காட்டினார். பந்து மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. "பாத்தியா? பாத்தியா?" என்று ஆடினார். எந்தச் சோற்றைப் பிசைந்து உருட்டினாலும் துள்ளத்தான் செய்யும் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்னொரு நாள் அந்த மணியை மட்டும் தீக்குச்சியில் பிடித்துக் கொளுத்தி, "மோந்து பாரு, வயர் தீஞ்ச வாசம்" என்றார். எனக்கு அவர் விரல் தீய்ந்த வாசம்தான் வந்தது. எது எப்படியோ, உட்கார்ந்த இடத்தில் ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்கிறாரே என்று விட்டுவிட்டேன். அவர் பொறுக்கினதை ஒரு சிரட்டையில் போட்டுக் கொல்லைச் சுவரில் வைப்பார். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து தின்றுவிட்டுப் போகும்.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. கிரைண்டருக்கு வருகிற அத்தனை பேரும் அதையேதான் செய்தார்கள். "மிதந்ததையெல்லாம் வடிச்சு ஊத்திட்டுத்தான் கொண்டாந்தேன்க்கா, தைரியமா அரைங்க" என்று வாளியைக் கொடுக்கிறபோதே சுத்தத்துக்குச் சான்று சொல்வார்கள். அரிசியை நன்றாகக் களைகிறவள்தான் நல்ல குடும்பத்துப் பெண் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். மிதக்கிறது என்றால் பதர், பூச்சி, தூசி. அதை வழித்து ஊற்றச் சின்ன வயதிலேயே பழகின கை இந்த மணியை மட்டும் விட்டுவைக்குமா?

அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போனபோது என் வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். விரலைக் குத்தினார்கள். எட்டில் இருந்து ஒரு புள்ளிகூட நகரவில்லை. நர்சம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது.

"அப்படி என்னதான் குடுக்குறீங்க இந்தப் பிள்ளைக்கு?"

நான் கீரையில் ஆரம்பித்துச் சுவரொட்டி வரைக்கும் ஒப்பித்தேன். சோறு என்ன அரிசி என்று கேட்டார். ரேஷன் அரிசி என்றேன். அதுவரைக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் முன்னால் வந்தார். நல்ல பெயர் வாங்குகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். என் தங்கையை அவர் பாப்பா என்றுதான் சொல்வார்.

"ரேஷன் அரிசின்னாலும் சுத்தமா இருக்கும் மேடம். அந்தப் பிளாஸ்டிக் அரிசி ஒரு மணிகூட பாப்பா தட்டுக்குப் போகாது. சுளகுல கொட்டி நானே ஒக்காந்து பொறுக்கிக் கோழிக்குப் போட்டுருவேன். அதுக்கும் தப்புனா களையிறப்ப மெதக்கும், வழிச்சு ஊத்திருவேன்."

நர்சம்மா பேனாவை மேசையில் வைத்தார். தலையில் அடித்துக்கொண்டார், நிஜமாகவே அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி மனுசா! அதுலதான்யா இரும்புச்சத்தே இருக்கு. அரிசி மாவுல இரும்புச்சத்தும் ரத்தம் ஊற வேண்டிய மத்த சத்தும் கலந்து, மறுபடி அரிசி மாதிரியே செஞ்சு, கலந்து அனுப்புறாங்க. அத ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கோழிக்கா போட்டீங்க?"

நர்சம்மா தலைக்கு மேலேயே சுவரில் பெரிய படம் ஒட்டியிருந்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் எதிரே எத்தனை தடவை நின்றிருக்கிறோம். செறிவூட்டப்பட்ட என்றால் எங்கள் தெருவில் யாருக்குப் புரியும்? அந்தச் சொல்லைப் பார்த்தால் ஏதோ உரம் போட்ட வயல் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆட்டோவில் ஏறினதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. திரும்பி வருகிற வழி முழுக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"கெட்ட கேட்டுக்கு ஒரு செல்போனு! பாப்பா தட்டுக்கு ஒரு மணி போகாதாம்! பக்கத்து வீட்டுக் கோழி தின்னுருக்கு என் தங்கச்சி ரத்தத்த! அந்தக் கோழிய அடிச்சுக் கொழம்பு வச்சாத்தான்யா ஆத்திரம் அடங்கும்!"

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், முன்னால் பார்த்தபடியே, "நான் கெடுக்கணும்னா செஞ்சேன்? ஆகாதது எதுவும் அந்தப் பிள்ள வயித்துக்குள்ள போயிறக்கூடாதுன்னுதானே செஞ்சேன்" என்றார். எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

தங்கைதான் பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மச்சான மட்டும் ஏன்க்கா வையிற? எங்க மாமியா வீட்ல இத்தன நாளும் நாந்தான் பொறுக்குனேன். எங்க அத்தை ஒரு மணி விடமாட்டாங்க. பொறுக்குனத எல்லாம் கழனித் தண்ணில போட்டு ஆட்டுக்கு வச்சிருவாங்க."

அவள் வாழ்க்கைப்பட்டது வடமதுரையைத் தாண்டி ஒரு கிராமம். கொஞ்சம் காடு, கொஞ்சம் ஆடு. வளர்த்த ஆடுகளை அய்யலூர்ச் சந்தையில் விற்பார்கள். எங்கள் அத்தை வீட்டு ஆடு மினுமினுவென்று இருக்கும், வியாபாரிகள் போட்டி போட்டுப் பிடிப்பார்கள் என்று அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஆடு மினுமினுத்தது அந்த மணியாலா, கொடுத்த தழையாலா, எனக்குத் தெரியாது. ஆனால் இவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், மிஷின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பாதி ஷிப்டில் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், மிஷின் ஓரமாகவே உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைதானாம். மாதத்தில் பல நாள் அரைச் சம்பளம், பிறகு சம்பளமே இல்லாமல் லீவு, கடைசியில் வேலையே இல்லை. நானும் போனில் அவளைத்தான் வைதேன். வயசுப் பிள்ளைக்கு என்னடி களைப்பு என்று கேட்டேன்.

அன்று மத்தியானம் கிரைண்டர் ஓட ஓட எனக்கு அதே யோசனையாக இருந்தது. மாதுளம்பழத்துக்குக் காசு வேண்டும், ஈரலுக்குக் காசு வேண்டும். மாத்திரை சும்மா கிடைக்கும், வயிறு ஏற்றுக்கொள்ளாது. யாரும் கேட்காமல், காசும் இல்லாமல், கசப்பும் இல்லாமல், நாங்கள் தினமும் தின்கிற சோற்றுக்குள்ளேயே ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடி எடுத்து எறிந்திருக்கிறோம். மில்லில் ஓரமாக உட்கார்ந்த நாளெல்லாம் அவள் எழுந்து நின்றிருந்தால் அந்தக் குடும்பம் இன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நர்சம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இனிமே அந்த அரிசிய அப்படியே பொங்கிப் போடுங்க, நல்லதுதான். ஆனா அது நாள்பட தின்னு தின்னு சேரணும். முன்னாடியே தின்னுருந்தா இந்தப் பாடு இல்ல. இப்ப இருக்குற நாளுக்கு அது பத்தாது, இரும்புச்சத்து ஊசிய டிரிப்ல ஏத்திருவோம்." ஏற்றினார்கள். காபிக் கலரில் ஒரு பாட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் கட்டில் பக்கத்தில் நிற்கிறேன், வராண்டாவுக்குப் போகிறேன், திரும்பி வந்து சொட்டைப் பார்க்கிறேன். "செத்த நேரம் ஒக்காரேன்க்கா, எனக்குத் தலை சுத்துது" என்றாள் தங்கை.

வீட்டுக்கு வந்ததும் தெருவோடு சண்டை ஆரம்பமானது. மிதக்கிற அரிசியை ஊற்றாதீர்கள், அது சத்து என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. "போன மாசம் வரைக்கும் நீயும்தானே பிளாஸ்டிக்குன்ன?" என்றாள் ஒருத்தி. கேள்வி நியாயமானதுதான், அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. "மெதக்குறத எடுத்துட்டுக் கொண்டாந்தா இனி என் கிரைண்டர்ல எடம் இல்ல. வேற எங்கயாவது போய் அரைச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு மூன்று பேர் நிஜமாகவே அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். அவரைச் சுளகோடு பார்க்கிறபோது கை பழக்கத்தில் அந்த மணியை எடுக்கும், பிறகு நினைவு வந்து திருப்பிப் போடும்.

எதிர் வீட்டு அம்மாள் மட்டும் தினமும் வந்து வம்பளப்பாள். ஒருநாள் வாளியை வைத்துவிட்டு, "ஏத்தா, உன் தங்கச்சி தின்னு நல்லபடியாப் பெத்து எந்திரிக்கட்டும், அப்புறம் நாங்க திங்கிறோம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்போது என் தங்கையின் பிரசவத்தை ஊரே பந்தயம் கட்டிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் பிளாஸ்டிக் அரிசிதான் காரணம் என்று இந்தத் தெருவே சொல்லும், ஒருத்தியும் அந்த மணியைத் தொட மாட்டாள். அதுவா எனக்கு முக்கியம்? அவள் இருந்தால் போதும் என்று எந்தச் சாமியை நினைத்தாலும் அம்மா முகம்தான் வந்தது. முந்தானையில் முடிந்த பச்சரிசி அந்த வாரங்களில் எப்படித் தீர்ந்தது என்றே தெரியாது.

அடுத்த தடவை குத்தினபோது ஒன்பது சொச்சம் காட்டியது. பத்து இல்லை. "முன்னைக்கு இது எம்புட்டோ தேவலை. ஆனா வலி வந்தா பெரியாஸ்பத்திரிக்கே போயிருங்க" என்றார் நர்சம்மா.

வலி ஒரு காலை நேரத்தில் வந்தது. நான் அப்போதுதான் எங்கள் வீட்டு உளுந்தைப் போட்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்தினேனா இல்லையா என்பதுகூட ஆஸ்பத்திரியில் போய்த்தான் யோசித்தேன். எதிர் வீட்டு அம்மாள்தான் ஓடி வந்து நிறுத்தி, மாவை வழித்து, வீட்டையும் பூட்டினாள் என்று பிறகு தெரிந்தது. தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் முகத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, "அவ எப்படி இருக்கா? அவ எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரத்தம் கொஞ்சம் கூடப் போகுதும்மா. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க. ரத்தம் ஏத்துறோம், ரெடியா இருக்கு. அதுக்குப் பதிலா உங்க ஆளுக யாராச்சும் பிளட் பேங்க்ல குடுத்துருங்க" என்றார் பிள்ளையைத் தூக்கி வந்த நர்ஸ்.

எட்டாவது படித்த பிள்ளையாக மறுபடி ஒரு வராண்டாவில் நிற்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை நான் சும்மா நிற்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "நான் குடுக்குறேன், எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று பிளட் பேங்க் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் ஓடினேன். படி ஏறுகிறபோது மூச்சு வாங்கியது. பின்னாலேயே என் வீட்டுக்காரர் வந்தார்.

அங்கே இருந்த அம்மா முதலில் அவர் விரலைக் குத்தினார். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் மயில்துத்த நீலக் கலரில் தண்ணீர் வைத்திருந்தார். அதில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டார். குண்டுமணி மாதிரி உருண்டு நேராக அடிக்குப் போனது. "நீங்க போய்ப் படுங்க" என்று அவரை உள்ளே அனுப்பினார்.

"முங்குனா நல்ல ரத்தம். அவ்வளவுதான் டெஸ்ட்டு" என்று எனக்கும் சொல்லிக்கொண்டே என் விரலைக் குத்தினார். பிதுக்கிப் பிதுக்கித்தான் வந்தது. குவளையில் விட்டார்.

என் சொட்டு முங்கவில்லை. மேலேயே நின்றது. நான் குனிந்து பார்த்தேன். கொஞ்சம் ஆடியது, விளிம்புப் பக்கம் நகர்ந்தது, அங்கேயே மிதந்தது. அந்த அம்மா இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தார். அதுவும் மிதந்தது.

அவர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். பதட்டத்தில் நான் மென்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

"வாயில என்னம்மா?"

"அரிசி."

"தெனமும் மெல்லுவீங்களா?"

தலையாட்டினேன்.

"காலு உளையுமா? ஒரு எடத்துல ஒக்கார முடியாதா? படி ஏறுனா மூச்சு வாங்குமா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இவருக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று உடம்பு கூசியது. என் குணம், என் பிறவிச் சுழி என்று நானும் என் வீட்டாரும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததையெல்லாம் அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மிஷினில் வைத்துப் பார்த்தார். ஏழுகூட இல்லை. தங்கை என் வீட்டுக்கு வந்த அன்று இருந்ததைவிடக் கம்மி.

"ஏம்மா, நீங்க ரத்தம் குடுக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"

அதட்டிச் சொல்லவில்லை, பாவமாகத்தான் கேட்டார். வாயில் இருந்த அரிசியை முந்தானையில் துப்பினேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கிப் படுத்திருந்தார். அவர் ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து என்ன என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் ரத்தப்போக்கு நின்றுவிட்டது. தங்கையை வார்டுக்கு மாற்றினார்கள். "ஒன்பதுக்கு மேல இருந்துச்சு, தாங்குச்சு. எட்டுலயே வந்துருந்தா சிரமம்தான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அவள் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது, பக்கத்தில் பிள்ளை தூங்கியது. பிளட் பேங்க் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, என் வீட்டுக்காரர் அவளிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டார் போலிருக்கிறது. நான் போய் நின்றதும் அவள் சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் சுவரொட்டி வதக்கி எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவைத் திறந்ததும் வாசம் பட்டு வழக்கம்போல மூஞ்சியைத் திருப்புவாள் என்று நினைத்தேன். அவள் டிரிப் ஊசி இல்லாத கையால் டப்பாவை வாங்கினாள். ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"உனக்குக் கொண்டாந்ததுடி."

"வாயத் தொற" என்றாள்.

"ஏடி, எனக்கு அந்த வாசமே..."

"மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்கு. ரத்தம் ஏறணுமா வேணாமா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீயும் போய்ட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.